லோகநாயகி என்று வந்தவள்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கிறேன். தைத்து வரும் சட்டை ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் திருப்பி, எங்கே நூல் தொங்குகிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்ல சட்டை கைக்கு வந்தால்கூட, இதில் என்னவோ இருக்கு என்றுதான் முதலில் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடு என்பார் என் வீட்டுக்காரர் பூபாலன். கழற்ற வந்தால்தானே மாட்டுவதற்கு.

அன்றைக்கு எஸ்டேட்டில் கரண்ட் இல்லை. எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் பட்டாபிராம் வீட்டில் ஒரு ஈ காக்காய் இருக்காது. பூபாலன் அண்ணனூர் ரயில் ஷெட்டில் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன், காலையிலேயே கிளம்பிவிடுவார். எங்கள் பெண் எழில் எல்.கே.ஜி. போயிருப்பாள். நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்து நின்றாள்.

“பூபாலன் சார் வீடு இதுதானே? லோகநாயகி மேடம் இருக்காங்களா? ஃபோனே எடுக்கல அவங்க. வியாழக்கிழமை காலைல ரெண்டு பேரும் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வந்துடணும், தேதி மாத்தியிருக்கோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“நாந்தாமா லோகநாயகி. இன்னா ஆஸ்பத்திரி?”

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். “இல்லைங்க, லோகநாயகி மேடத்தை எனக்கு நல்லாத் தெரியும். அவங்ககூட ரெண்டு தடவை உக்காந்து பேசினதே நான்தான்.”

“பூபாலன் பொண்டாட்டி லோகநாயகி?”

“ஆமாங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் என் ஆதார் அட்டையை எடுத்து வந்து நீட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

“சாரிங்க, வீடு மாறி வந்துட்டேன் போல.”

“ஊடு மாறல. ஆளுதான் மாறிக்கீது. யாருமா அவ?”

“நான் எதுவும் சொல்லக் கூடாதுங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க.” செருப்பை மாட்டுவதற்குள் இரண்டு முறை கால் தவறியது அவளுக்கு. அடையாள அட்டையைக் கையால் மறைத்தாள். அதற்குள் நான் படித்துவிட்டேன். பெயர் சபீனா. கீழே, ஆண்களுக்கான கருத்தடை ஊசி, ஆராய்ச்சித் திட்டம்.

துணி அப்படியே வாளியில் கிடந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நானோ இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். எழில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போய் காப்பர்-டியை எடுத்துவிட்டேன். டாக்டர் எழுதிய சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். நாள் கொஞ்சம் தள்ளிப்போனாலே மருந்துக்கடைக்கு ஓடுவேன். ஒவ்வொரு முறையும் ஏமாந்து வந்து அழுவேன். அழும்போது தலையைத் தடவி, “ஆவும்மே, இன்னா அவசரம்?” என்று ஆறுதல் சொன்ன மனுஷன், கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். அதுவும் எவளோ ஒருத்தியைப் பெண்டாட்டி என்று கூட்டிப்போய்.

இரண்டும் இரண்டும் நாலு என்று கணக்கு தானாகக் கூடியது. மனுஷனுக்கு வெளியே ஒருத்தி இருக்கிறாள். அவள் வயிற்றில் ஏதும் தங்கிவிடக் கூடாதென்று ஊசி. மனைவி வந்தால்தான் போடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள். அவளுக்கு என் பெயரைச் சூட்டியாகிவிட்டது. புடவை நகை கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து சாட்சி சொல்ல ஆரம்பித்தன. சில மாதத்துக்கு முன் ஒருநாள் கால்களை அகட்டி அகட்டி நடந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். கேட்டால், ரயில் பெட்டிப் படியில் இடித்துக்கொண்டாராம். அன்று முதல் முதுகுவலி என்று பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். முதுகுவலிக்காரர் ஷெட்டில் கேபிள் சுமக்கிறார், எழிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். என் பக்கத்தில் படுத்தால் மட்டும் முதுகு வலிக்கும்.

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழிலை என் தங்கச்சி தீபிகா வீட்டில் விட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, மனுஷனை நானே சோதித்துப் பார்த்தேன். “வேணாமே, முதுகு...” என்று ஆரம்பித்தார். “யாராண்டயாவது போய்கினு கீறியா? அதான் என்னப் பாத்தா வேணாமா?” என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. சத்தியமாக இல்லை என்றார். அப்போ நிரூபி என்றேன். நிரூபித்தார். அன்று பிற்பகல் முழுக்க நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியையும் இப்போது உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தேன். ஒருவேளை அதுவும் நடிப்போ?

வியாழக்கிழமை வரும்வரை வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். சோறு போட்டேன், சிரித்தேன், சட்டையை முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாடைதான். அவர் குளிக்கும்போது ஃபோனை எடுத்தேன். பேசின எண்களில் ஷெட் மேஸ்திரி, நான், என் தங்கச்சி, அவ்வளவுதான். அழித்திருப்பார் என்று நினைத்தேன். இல்லாதது எல்லாம் அழிக்கப்பட்டதாகவே தெரிந்தது. நாள் தள்ளிப்போயிருந்ததைக்கூட அந்த வாரம் நான் கண்டுகொள்ளவில்லை. எந்த மருந்துக்கடைக்கு ஓடி இனி யாருக்கு ஆக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவராகவே ஆரம்பித்தார். “நாளைக்கு ஷெட்ல ரெண்டு ரயில் சர்வீஸ் கீது லோகா. சீக்கிரம் போணும்.”

“போய்ட்டு வா. ஒடம்பப் பாத்துக்கோ,” என்றேன். என் குரல் எனக்கே தேன் மாதிரிக் கேட்டது.

வியாழக்கிழமை எழிலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கம்பெனிக்கு லீவு சொல்லி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவளை அறைவதா, இவரை அறைவதா, அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதா. பஸ்ஸில் முழுக்க அவள் முகத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். சிவப்பாக, ஒல்லியாக, முடி வெட்டிக்கொண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் கொஞ்சம் அழகாகிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஆராய்ச்சிப் பிரிவு பின்பக்கக் கட்டடத்தில் இருந்தது. வெளியே நீள பெஞ்சு. ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் ஃபோனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டேன்.

பூபாலன் வந்தார். ஷெட்டுக்குப் போடும் காக்கிச் சட்டை இல்லை, எனக்குத் தெரியாமல் வேறு சட்டை மாற்றியிருந்தார். பின்னால் ஒருத்தி. பச்சைச் சுடிதார். அந்தச் சுடிதாரை எனக்குத் தெரியும். கம்பெனியில் கழிவு விலைக்கு வந்த துணியில் நான்தான் எடுத்துக்கொடுத்தேன், போன பொங்கலுக்கு.

என் தங்கச்சி தீபிகா.

எவளோ ஒருத்தியாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவளிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? திருநின்றவூரில் புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாகக் குடித்தனம் நடத்துகிறவள். ஃபோனில் என்னைத் தவிர இருந்த ஒரே பெண் பெயர் அவளுடையதுதான். அதையும் நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தாண்டிப்போனேன். எப்படித் தாண்டினேன்?

நேரே போய் முன்னால் நின்றேன். பூபாலன் பெஞ்சிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“யக்கா,” என்றாள் தீபிகா. “நீ நெனக்கிற மாதிரி இல்லக்கா.”

“நான் இன்னா நெனக்கிறேன்னு உனக்கு எப்டிடி தெரியும்?” கையில் இருந்த பையால் பூபாலன் தோளில் ஒன்று வைத்தேன். உள்ளே இருந்த டிபன் பாக்ஸ் டங்கென்று சத்தம் போட்டது. பெஞ்சில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

“அவரை அடிக்காதக்கா, உன்னக் காப்பாத்தத்தான் இத்தினியும்,” என்று தீபிகா அழ ஆரம்பித்தாள். அதற்குள் சபீனா ஓடி வந்து எங்கள் மூவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே டாக்டர் ஷர்மிளா என்று ஒருவர். ஆராய்ச்சியில் சேருகிறவர்களின் மனைவிமாரைப் பார்ப்பது அவர் பொறுப்பாம். சபீனா ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். தேதி மாறியதை மட்டும் தீபிகாவுக்கு ஃபோனில் சொல்லி, இருவரையும் வரவழைத்திருந்தார்களாம். எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, நின்றுகொண்டிருந்த பூபாலனைப் பார்த்து, “இப்ப நீங்க சொல்லுங்க,” என்றார்.

பூபாலன் தரையைப் பார்த்துப் பேசினார். “எழில் பொறந்தப்ப ஆப்ரேஷன் பண்ணி எடுத்தாங்க மேடம். அப்பால ரத்தம் நிக்கவே இல்ல. ஷெட் பசங்க வரிசையா வந்து ரத்தம் குடுத்தானுங்க. கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு சொல்லி, கடசீல தெச்சி உட்டாங்க. அங்க இருந்த டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்டு, இன்னொரு தபா மாசமானா உங்க சம்சாரம் பொயக்கிறது கஷ்டம்னு சொல்ட்டாங்க. தீபிகாவும் கூட நின்னுகினு இருந்தா. இவளாண்ட சொல்லாதீங்கன்னு நாந்தான் கையெடுத்துக் கும்ட்டேன்.”

ரத்தம் போனது எனக்குத் தெரியும். ஏழெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்ததும் தெரியும். அந்த ஒரு பேச்சு மட்டும் தெரியாது. டாக்டருக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கி உள்ளே வைத்தவரும் புருஷன்தான். வயிற்றைச் சுமக்கிறவளுக்கு மட்டும் தெரியாது.

“ஏன்யா என்னாண்ட சொல்லல?”

“சொன்னா கேப்பியா நீ?” முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “கொயந்த கொயந்தன்னு உசுர உட்டுகினு கீறே. செத்தாலும் பர்வால்லன்னு நிப்ப. உன்ன எனக்குத் தெரியாதா? நீ காப்பர்-டிய எடுத்துட்டு வந்து நிக்கிற, நான் இன்னா பண்ணுவேன்? ஒரேயடியா நரம்ப வெட்டிக்க மனசு வர்ல. இந்த ஊசின்னா, அடைச்ச மருந்த பின்னாடி கரைக்கப் பாப்பாங்களாம். நாளைக்கே உன் ஒடம்பு தேறி டாக்டர் சரின்னு சொன்னா, உனக்கு ஒரு புள்ள வேணுமில்ல? பொண்டாட்டி வந்து சம்மதம் சொல்லணும்னாங்க. வேற யாரக் கூப்டுவேன் நான்?”

“என் ஆதார குடுத்திருப்பியே, படம் பாக்கலையா யாரும்?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்தது. அந்தப் படத்தில் நானே என்னைப் போல இருக்க மாட்டேன், தீபிகா வேண்டுமானால் இருப்பாள்.

அப்போது எனக்கு வந்தது என்ன என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேறொருத்தி இல்லை என்றதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது உண்மை. கூடவே வேறொரு கோபம் ஏறி உட்கார்ந்ததும் உண்மை. அந்த மனுஷன் மேல் பாசமாகவும் இருந்தது, டிபன் பாக்ஸால் இன்னொன்று போடலாம் போலவும் இருந்தது.

டாக்டர் ஷர்மிளாவுக்கு எங்கள் பாசத்தைப் பார்க்க நேரமில்லை. “பூபாலன், ஊசி போட்ட அன்னிக்கு என்ன சொன்னோம்? இது உடனே வேலை செய்யாது. விந்துக் குழாய்ல ஏற்கெனவே இருக்கிற உயிரணு தீரணும். உங்க டெஸ்ட்ல சுத்தமா இல்லைன்னு வர்ற வரைக்கும் ஆணுறை கட்டாயம். மறந்துடுவீங்கன்னு மனைவிகிட்டயும் தனியா உக்காத்தி வெச்சுச் சொன்னோம், பாக்கெட்டும் அவங்க கைலயே குடுத்தோம். யார் கையில குடுத்தோம்?”

எல்லோரும் தீபிகாவைப் பார்த்தோம்.

“எங்க ஊட்டு பீரோல கீது மேடம். அப்டியே,” என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

“நான் தள்ளித்தான் மேடம் படுத்துகினு இருந்தேன்,” என்றார் பூபாலன் அவசரமாக. “முதுகுவலின்னு சொல்லி...” அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

டாக்டரும் புரிந்துகொண்டார். “மனைவிக்குக் கர்ப்பம் இல்லைன்னு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி எழுதி வெச்சிருக்கோம். அது இந்தப் பொண்ணோட சிறுநீர். உங்களை இதுவரைக்கும் யாருமே பாக்கல.” குரலைத் தணித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?”

விரலை மடக்கி எண்ணினேன், நாள் தாண்டியிருந்தது. சபீனா ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிவறையைக் காட்டினாள்.

இரண்டு கோடு வந்தது.

பொய் சொல்லக் கூடாது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. எத்தனை முறை ஒற்றைக் கோட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன். ஒரு கணம் ஆஸ்பத்திரி, ஊசி, தங்கச்சி எல்லாம் மறந்துபோய், வயிற்றில் கையை வைத்தேன். பிறகுதான் பூபாலன் முகத்தைப் பார்த்தேன். பிணத்தைப் பார்க்கிறவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

டாக்டர் எழுந்து, “சார், நீங்க கொஞ்சம் என்கூட வெளிய வாங்க,” என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம். பூபாலனும் அதற்குப் பழகியவர்தானே, எழுந்துவிட்டார்.

“எங்க போறீங்க ரெண்டு பேரும்?” என்றேன். சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். “வயிறு என்னுது. என்னப் பத்தி அவராண்ட பேசறதுக்கு இன்னா கீது? நான் இங்கதான உக்காந்துகினு கீறேன்? அவங்க ரெண்டு பேரையும் வெளிய போச் சொல்லுங்க மேடம். என்னாண்ட சொல்லுங்க.”

டாக்டர் அவர்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். தைத்த இடத்தில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும், போன முறையைவிட எவ்வளவு ரத்தம் போகலாம், பெரிய ஆஸ்பத்திரியில் முதலிலிருந்தே பார்த்துக்கொண்டால் எவ்வளவு தூரம் சமாளிக்கலாம், இப்போதே கலைத்தால் ஆபத்து எவ்வளவு குறைவு. முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எதையும் சர்க்கரை தடவிச் சொல்லவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் என்னிடம் சொன்னார் என்பதே எனக்குத் தெம்பாக இருந்தது.

“நான் பெத்துக்கணும்னு நின்னா, என் பொண்ணு எழிலுக்கு நான் இருப்பேனா மேடம்?”

“உறுதியா சொல்ல என்னால முடியாதும்மா.”

நிறைய அழுதேன். இருந்தும் இல்லாமல் போகப்போகிற ஒன்றுக்காக அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலைத்துவிடுகிறேன் என்றேன். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உங்களுடையது போதும் என்றார்.

வெளியே வந்தபோது இருவரும் எழுந்து நின்றார்கள். டாக்டர் சொன்னது ஒன்று விடாமல் சொன்னேன், எனக்குப் பயமாக இருந்ததையும் சேர்த்து. பிறகு முடிவைச் சொன்னேன். பூபாலன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினார். நல்லவேளை நல்லவேளை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நல்லவேளை என் நெஞ்சைச் சுட்டது. கையை உருவிக்கொண்டேன்.

“இத்த நீ அன்னிக்கே என்னாண்ட சொல்லி இருந்தா, நானும் அன்னிக்கே இதான்யா சொல்லி இருப்பேன். காப்பர்-டிய எடுத்தே இருக்க மாட்டேன். இந்த உசுரு வந்து போயிருக்க வேணாம். எழில உட்டுட்டுப் போற ஆளா நானு? அப்டியா என்ன நெனச்சே?”

சந்தேகக்காரி என்று எனக்குத்தான் பெயர். அவருக்கு வேறொருத்தி இருப்பாளோ என்று நான் சில மாதம் சந்தேகப்பட்டேன். பெற்ற பெண்ணைத் தவிக்க விட்டுச் சாகத் துணிகிறவள் என்று அவர் என்னை நாலு வருஷமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். அதற்குப் பாசம் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்.

ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் கூட வர எழுந்தார்கள். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.